தொண்ணூற்று ஒன்றாவது பாட்டு

மனைவி: ...இல்லைங்க, கம்ப்யூட்டர் மறுபடியும் தொண்ணூத்தி ஒரு பாட்டுன்னுதான் காட்டுது. ஆனா பாடறது தொண்ணூறுதான்.

டிரைவர்: உன் பைத்தான் ப்ரோகிராம் கிளாஸுக்கு என் வேன் பாட்டுதானா கிடைச்சுது?

மனைவி: நீங்கதானே பென்டிரைவ்ல ஏத்திக் குடுன்னீங்க... போல்டர்ல போட்டோ, பில்லு எல்லாம் கலந்து கிடக்கு. அதான் .mp3-ன்னு பேர் முடியற பைலை மட்டும் பொறுக்கச் சொல்லி நாலு வரி எழுதினேன்.

டிரைவர்: அப்ப நீ எழுதினதுதான் தப்பு.

மனைவி: எங்கே தப்புன்னுதான் மண்டையை உடைச்சுக்கறேன். ‘பழசு 7’ன்னு ஒண்ணு... அதுதான் பாட மாட்டேங்குது.

டிரைவர்: ...கெட்டுப்போன பாட்டு. அழிச்சுடு.

மனைவி: மத்ததெல்லாம் நாலு எம்பி, அஞ்சு எம்பி. இது மட்டும் துளியூண்டு இருக்கே?

டிரைவர்: சின்னப் பாட்டா இருக்கும்.

மனைவி: பல்லவியோட எழுந்து போயிட்டாங்களா?

டிரைவர்: அழின்னா அழியேன்.

மனைவி: இருங்க... இந்த ப்ரோகிராம் பேரோட கடைசியை மட்டும்தானே பாக்குது. உள்ளே என்ன இருக்குன்னு பாக்காது. யாராவது வேற எதையாவது பாட்டுன்னு பேர் மாத்தி வெச்சிருந்தா?

டிரைவர்: யாரு வெப்பா? இந்த வீட்டுல...

மனைவி: நாம ரெண்டு பேருதான்.

டிரைவர்: இப்படிக் குடு, நானே அழிச்சுடறேன்.

மனைவி: பேரோட கடைசியை .pdf-ன்னு மாத்திப் பார்த்தேன். திறந்துக்கிச்சு. உங்க கண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்.

டிரைவர்: அது... பழைய...

மனைவி: போன மாசத் தேதி. பக்கவாட்டுல வர்றது ரெண்டு கண்ணுக்கும் தெரியலை, வண்டி ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு.

டிரைவர்: நேரா நல்லாத் தெரியுதும்மா... வேன்ல வர்ற பதினெட்டுப் பிள்ளைங்களும் என்னை விட்டா வேற வண்டியில ஏறாதுங்க.

மனைவி: அந்தப் பதினெட்டையும் நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.

டிரைவர்: எனக்கு மட்டும் இல்லையா? வேற வேலை தெரியாதே எனக்கு... லீவு முடிஞ்சு திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. அன்னிக்கு ஒரு நாள் ஓட்டிட்டு, நானே சொல்லிடறேன். ஆமா... நீ இதை எப்பப் பார்த்தே? இப்பவா?

மனைவி: வியாழக்கிழமை. நீங்களா சொல்வீங்கன்னு ரெண்டு நாள் பார்த்தேன்... இன்னிக்குக் காலையில ஸ்கூல் ஆபீஸுக்குப் போய், வேற டிரைவர் பாக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்.