பதினோரு குடும்பங்களும் ஒரு பர்வதமும்

கழுத்தில் விழுந்த மாலையின் கனம் தாங்காமல் சற்றே சாய்ந்து அமர்ந்திருக்கும் ஃப்ரீமான்ட் தமிழ் மன்றத் தலைவர் திருமூர்த்தி அவர்களே! தலைவர் சிரித்தால் சிரித்து, தலைவர் இருமினால் தண்ணீர் நீட்டும் பொருளாளர் அச்சுதன் அவர்களே! லிவர்மோரிலிருந்து மலை கடந்து, ஃப்ரீவே நெரிசல் கடந்து, பொறுமையின் எல்லையும் கடந்து வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அதைத் தாங்களே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சாம்பார் சாதம் ஆறிவிடுமோ என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் என் அருமை நண்பர்களே! உங்கள் அனைவரின் முன்னும் தலை வணங்கி நிற்கிறேன். இன்று தலை நிமிர்ந்து நிற்க எனக்குத் தகுதி இல்லை.

நான் பசுபதி. ஆறு ஆண்டுகளாக இம்மன்றத்தின் செயலாளர். இன்றைய பொதுக்குழுவில் நான்காம் தீர்மானத்தை முன்மொழிய என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். அதை வாசித்துவிடுகிறேன். "மன்றம் நடத்தும் இயற்கைச் சுற்றுலாக்களில் இனி குடும்பமாக வருபவர்களுக்கு மட்டுமே இடமளிக்கப்படும். தனியாக வருபவர்களுக்கு, அவர்களுடைய பாதுகாப்பைக் கருதி, இடமில்லை."

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள். தட்டி முடித்த பிறகு அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவிக்கப் போகிறீர்கள்.

சென்ற ஏப்ரல் மாதம், பள்ளி விடுமுறையில், கோஸ்டாரிகாவின் பசிபிக் கரைக்குப் போனோமே, அந்தப் பயணத்தின் வயிற்றில் பிறந்த தீர்மானம் இது. அந்தப் பயணத்தை நம் ஆண்டு மலர் எப்படி வருணிக்கிறது தெரியுமா? "கன்னித் தமிழர் கானகம் புகுந்தனர், கடலலை கடந்தனர், காட்டு விலங்குகளைக் கண்ணுக்குக் கண் சந்தித்தனர், அனைவரும் பத்திரமாகத் திரும்பினர்." ஆகா! என்ன வீரம்! என்ன தீரம்!

அந்த வீரத்தை நானும் பார்த்தேன் ஐயா. மலையிறங்கி வந்து கடலில் கால் நனைக்கும் காடு அது. குறிஞ்சியும் நெய்தலும் ஒரே பார்வையில் விரியும் கரை. இலையெல்லாம் ஈரம், கிளையெல்லாம் கிளி, வேரெல்லாம் நண்டு. அந்தக் காட்டுக்குள் நாம் எதைக் கொண்டு போனோம்? இரண்டு ரைஸ் குக்கர். ஒரு டப்பா புளிக்காய்ச்சல். பாட்டுப் போட்டி நடத்த ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். சத்தம் போட்டால் விலங்குகள் வராது என்று வழிகாட்டிப் பெண் மார்செலா கெஞ்சினாள். நாம் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தோமா? பாட்டைத்தான் மாற்றினோம்!

மரத்துக்கு மரம் கம்பி கட்டி அதில் ஆளைத் தொங்கவிட்டுச் சறுக்கவிடுகிறார்களே, ஜிப்லைன், அதில் நம் தலைவர் போன காட்சியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நாற்பது நிமிடம் மேடையில் நின்றார். "இந்த கேபிளோட லோடு ரேட்டிங் என்ன? லாஸ்ட் இன்ஸ்பெக்‌ஷன் எப்ப பண்ணீங்க?" என்று அந்த ஊர்க்காரரை ஆங்கிலத்தில் குறுக்கு விசாரணை செய்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அக்கரை சேர்ந்தார். இறங்கியதும் முதல் கேள்வி என்ன? "வீடியோ எடுத்தீங்களா?" எடுக்கவில்லை என்றதும் இன்னொரு முறை போனார். அதுதான் மலரின் அட்டைப்படம்.

சிரிக்கிறீர்கள். நல்லது, தலைவரும் சிரிக்கிறார். உடனே அச்சுதனும் சிரிக்கிறார். இதுவரை சிரிக்கலாம்.

மூன்றாம் நாள். அலையாத்திக் காட்டின் ஊடே ஆற்று வழியாகப் படகில் போனோம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மணல்திட்டு. படகுக்காரர்கள் ஆளுக்கு ஒரு மஞ்சள் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண். மார்செலா தெளிவாகச் சொன்னாள்: மூன்று மணிக்குக் கடல் ஏறத் தொடங்கும், அதற்குள் கிளம்ப வேண்டும், தாமதித்தால் இந்த மணல் இருக்காது. அப்படியே இன்னொன்றும் சொன்னாள். திட்டின் ஓரத்து மரத்தில் ஒரு தேவாங்கு மாதிரிப் பிராணி, அவர்கள் அதை ஸ்லாத் என்கிறார்கள், வாரத்துக்கு ஒரு முறைதான் தரையிறங்கும், இன்று இறங்கும் போலிருக்கிறது, அமைதியாக உட்கார்ந்தால் பார்க்கலாம் என்றாள்.

நாம் உட்கார்ந்தோமா? இரண்டு நிமிடம் பார்த்தோம். "என்னங்க இது, நகரவே மாட்டேங்குது! நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர் மாதிரி இருக்கு" என்று ஒருவர் ஜோக்கடித்தார். பாதிப் பேர் கடலுக்குப் போனார்கள், பாதிப் பேர் புளியோதரைக்குப் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் உட்கார்ந்தார்.

அவர் பெயர் பர்வதம். லிவர்மோரில் இருக்கிறார். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வயது ஐம்பத்தெட்டு. தனியாக வாழ்கிறவர். ஏன் தனியாக, எப்படித் தனியாக என்று கேட்கும் வேலை நமக்கில்லை. ஆனால் அந்த வேலையை மட்டும் இந்த மன்றத்தில் அத்தனை பேரும் சம்பளமில்லாமல் பார்த்திருக்கிறோம்!

அவர் எப்படி இந்தப் பயணத்தில் வந்தார்? இங்கேதான் கவனிக்க வேண்டும். நம் பதிவுப் படிவத்தில் முதல் கட்டம் என்ன? "குடும்பத் தலைவர் பெயர்." இரண்டாவது கட்டம்? "உடன் வருவோர் எத்தனை பேர்?" எத்தனை பேர் என்றுதான் கேட்டோம், யார் யார் என்று கேட்கவில்லை. பர்வதம் அம்மையார் தன் பெயரை நிரப்பி, உடன் வருவோர் பூஜ்யம் என்று போட்டு அனுப்பினார். படிவம் ஏற்கவில்லை. நமக்குப் போன் செய்தார். "யாராவது ஒரு ஃபேமிலியோட சேர்ந்துக்கோங்க ஆன்ட்டி, ஈஸியா இருக்கும்" என்று பதில் சொன்னோம். அவரோடு வேலை பார்க்கும் மானஸா, "எங்க ஃபார்ம்ல ஆட் பண்ணிக்கறோம் ஆன்ட்டி, நீங்க வாங்க" என்று அன்போடு அழைத்தார். மானஸாவின் கணவர் சாய்ராம் பெயருக்குக் கீழே, நான்கு என்ற எண்ணை அழித்து ஐந்து என்று போட்டோம். முப்பது ஆண்டு இந்த நாட்டில் வரி கட்டி வாழ்ந்த ஒரு மனுஷி, ஒரு படிவத்தின் மூலையில் ஒரு கூட்டல் குறியாகிப் போனார்.

மூன்று மணி. கடல் ஏறுகிறது. மார்செலா நம்மை எண்ணப் பார்த்தாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நாம் ஓர் இடத்தில் நின்றால்தானே! ஒருவர் செல்ஃபிக்கு ஓடுகிறார், ஒருவர் செருப்பைத் தேடி ஓடுகிறார். சலித்துப்போய் நம்மிடமே கேட்டாள்: எல்லோரும் இருக்கிறீர்களா? நம் பக்கத்திலிருந்து ஒருவர் பட்டியலை எடுத்து முழங்கினார். "பாலசுப்ரமணியன் ஃபேமிலி?" "யெஸ்!" "சாய்ராம் ஃபேமிலி?" படகின் முனையில் சாய்ராமின் மகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், மானஸா அவள் தலையைப் பிடித்திருந்தார், சாய்ராம் திரும்பிப் பார்க்காமலே, "யெஸ், யெஸ்!" என்றார். "லெவன் ஃபேமிலீஸ், ஆல் ஓகே!" என்று அறிவிப்பு முழங்கியது. அந்தப் பெண் பாவம், "குடும்பம் சரி, எத்தனை மனிதர்கள்?" என்று கேட்டாள். நமக்குக் கோபம் வந்துவிட்டது! நம்மைப் பார்த்து எண்ணத் தெரியுமா என்பதா? படகுகள் கிளம்பின. நாற்பத்து மூன்று பேர் போனோம். நாற்பத்திரண்டு பேர் திரும்பினோம். காட்டைப் பார்க்கப் போன கூட்டத்தில் காட்டை உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளைக் கடலேறும் கரையில் விட்டுவிட்டு வந்தோம்.

சிரிப்பு நின்றுவிட்டது. பரவாயில்லை, சாப்பாடு ஆறட்டும்.

எப்போது தெரிந்தது? நாமாகவா தெரிந்துகொண்டோம்? விடுதிக்கு வந்து, குளித்து, பஜ்ஜிக்குக் காத்திருக்கும்போது படகுத்துறையிலிருந்து தலைவருக்குப் போன் வருகிறது. மஞ்சள் சட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். இருபத்தேழாம் எண் சட்டையைக் காணோம். நம் தலைவர் என்ன சொன்னார்? "நாங்க எல்லாத்தையும் ரிட்டர்ன் பண்ணிட்டோம். நீங்க கவுன்ட்ல மிஸ்டேக் பண்ணியிருப்பீங்க. செக் அகெய்ன்!" ஐந்து நிமிடம் வாதாடினார் ஐயா! ஒரு சட்டை குறைகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஓர் ஆள் குறைகிறார் என்று நமக்குத் தெரியவில்லை! துணியை எண்ணத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். இங்கே இருந்தவர்கள் யார்? பொறியாளர்கள்! மருத்துவர்கள்! தரவுகளைக் கோடிக்கணக்கில் அலசி ஆராய்ந்து விருது வாங்கியவர்கள்!

மானஸாதான் அலறினார். "ஐயோ, பர்வதம் ஆன்ட்டி எங்க?"

படகுக்காரர் ஒருவர் அந்த ஏறும் அலையில், ஆற்றுவாயில் முட்டி மோதி, தன் உயிரைப் பணயம் வைத்துப் போனார். மணல்திட்டு மூழ்கிவிட்டது. மழை வேறு. பர்வதம் அம்மையார் மஞ்சள் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்கு மேலே, ஒரு மரத்தின் வேர்ப் பந்தலில் ஏறி உட்கார்ந்திருந்தார். இரண்டரை மணி நேரம்!

திரும்பி வந்தார். நாம் என்ன செய்தோம்? ஓடிப்போய்க் கையைப் பிடித்தோமா? மன்னிப்புக் கேட்டோமா? "வாட்ஸ்அப் க்ரூப்ல போடாதீங்க, நெகட்டிவா ஆயிடும்" என்று சுற்றறிக்கை விட்டோம். "தனியா வந்தா இப்படித்தான்" என்றது ஒரு வாய். "சொல்லாம ஏன் அவ்ளோ தூரம் போனாங்க?" என்றது இன்னொரு வாய். அவர் போகவில்லை! வழிகாட்டி உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தார்! போனது நாம்! நான்கு மாதத்தில் அந்த வாய்களெல்லாம் ஒன்றுகூடிப் பெற்றெடுத்த பிள்ளைதான் இந்த நான்காம் தீர்மானம். விட்டுவிட்டு வந்தது குடும்பங்கள்; தண்டனை தனியாக வந்தவருக்கு! அதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

என்ன அச்சுதன், சீட்டு எழுதி நீட்டுகிறீர்கள்? "நேரமாகிவிட்டது, முடிக்கவும்." முடிக்கிறேன். ஆனால் முக்கியமான பாதி பாக்கி இருக்கிறது.

இத்தனை நேரம் யாரோ படிவம் செய்தார்கள், யாரோ பட்டியல் வாசித்தார்கள் என்று பேசினேன் அல்லவா? அந்தப் படிவத்தைச் செய்தவன் நான். போனில், "யாராவது ஒரு ஃபேமிலியோட சேர்ந்துக்கோங்க" என்றவன் நான். படகில் நின்று, "லெவன் ஃபேமிலீஸ், ஆல் ஓகே" என்று முழங்கிய முண்டமும் நான்தான்! மலரில் "அனைவரும் பத்திரமாகத் திரும்பினர்" என்று எழுதிய கை, இதோ, இந்தக் கை. தலைவரை ஏளனம் செய்தேன், உங்களை ஏளனம் செய்தேன். அத்தனை ஏளனத்துக்கும் முதல் உரிமை எனக்கு.

போன வாரம்தான், வெட்கம் பிடுங்கித் தின்ன, லிவர்மோருக்கு அவர் வீட்டுக்குப் போனேன். என்னை உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். அந்தப் பிராணி தரையிறங்கியதாம். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கியதாம். கண் விரியச் சொன்னார். "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தண்ணி ஏறினப்ப பயம் இல்ல சார். எப்படியும் எண்ணிப் பார்த்துத் திரும்பி வருவாங்கன்னு நெனச்சேன். லாட்ஜுக்கு வந்து டைனிங் ஹால்ல நின்னேன் பாருங்க, ஒருத்தரும் ஒண்ணும் கேக்காம பஜ்ஜி சாப்ட்டுட்டு இருந்தாங்களே, அப்பதான் சார் பயமா இருந்துது."

அன்று பஜ்ஜி தின்ற வாய்களில் என் வாயும் ஒன்று.

தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. எதிர்க்கிறேன். செயலாளர் பதவியை இந்த மேடையிலேயே விட்டு இறங்குகிறேன். பர்வதம் அம்மா, நீங்கள் ஏழாவது வரிசையில் இருக்கிறீர்கள். நான் உங்களை எண்ணவில்லை. என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதையும் சேர்த்து மன்னியுங்கள்.

சபையோரே, வாக்கெடுப்பைச் செயலாளர்தான் நடத்த வேண்டுமென்று விதி இருக்கிறது. நான் இறங்குவதற்கு முன் அதை நடத்திவிடுகிறேன். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை உயர்த்துங்கள். பொறுங்கள் பாலசுப்ரமணியன் சார், "எங்க ஃபேமிலி நாலு ஓட்டு" என்று இங்கே சொல்ல முடியாது. உங்களுக்கு ஒரு கைதான். உங்கள் மனைவியின் கை அவருடையது, அவர் எப்படி வேண்டுமானாலும் தூக்கட்டும்.

மானஸா. ஒன்று. சாய்ராம், யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. அந்த ஓரத்தில் அம்மா, உங்கள் பெயர்? அபயாம்பாள். இரண்டு. உங்கள் கணவர் முறைக்கிறார், முறைக்கட்டும். சாய்ராம். மூன்று. எழுந்தே நின்றுவிட்டீர்கள், உட்காருங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது வரிசை. பர்வதம் அம்மா. நான்கு.

இன்னும் கைகள் எழுகின்றன. ஒவ்வொன்றாக எண்ணுவேன். சாதம் ஆறி, சாம்பார் உறைந்து, இந்த அரங்கை நமக்குக் கொடுத்த பள்ளிக்கூடத்தின் காவலாளி வந்து விளக்கை அணைப்பேன் என்று மிரட்டினாலும் ஒருவரைக்கூட விடாமல் எண்ணுவேன். இவ்வளவு நேரம் என் ஏச்சைப் பொறுத்துக்கொண்ட உங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே என் நன்றியும் வணக்கமும். ஐந்தாவது கை யாருடையது? கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.