துண்டு போட்ட இடம்

மாலை ஐந்தேகால். வண்டூர் சாலையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் இறங்கும் ஒரு மண் பாதை. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு ஸ்கூட்டர். அந்த இரண்டு விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது...

ஐந்தேகாலுக்கே இருட்டா என்று மெயின்லேண்டுக்காரர்கள் சிரிப்பார்கள். டிசம்பரில் இங்கே வந்து நின்று பார்க்கட்டும். நம் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திவிடும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கப்பல் இனி காலையில்தான். இந்த ஜெட்டி ஹாலுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஆளுக்கொரு துண்டைப் போட்டு இடம் பிடித்தீர்களே, அதைப் பார்த்ததும்தான் இது ஞாபகம் வந்தது. நம் நண்பன் கௌதமுடைய பெரியம்மா மகள் ரூபாவுக்கு நடந்தது.

ரூபா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எதையும் லேசில் நம்ப மாட்டாள். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், அப்புறமும் மீன்காரனின் முகத்தைப் பார்ப்பாள். அவள் கணவன் சிவபிரகாஷ் மதுரைப் பக்கத்துக்காரன். எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். நல்ல உயரம், படிய வாரிய எண்ணெய்த் தலை, தோளில் எப்போதும் பச்சைக் கரை போட்ட ஒரு துண்டு. பஸ் என்றால் ஜன்னல் வழியாக அந்தத் துண்டு முதலில் ஏறும், அப்புறம்தான் அவன். சென்னைக் கப்பலில் அப்படிப் பிடித்த இடத்தைத்தான் ரூபாவின் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தான். கப்பல் கரை சேர்வதற்குள் கல்யாணப் பேச்சே முடிந்துவிட்டது. அந்தத் துண்டைக் காட்டி ரூபா அவனை இன்னமும் கிண்டல் செய்வாள்.

பாம்பூஃப்ளாட்டில் ஒற்றை அறை வாடகை வீடு. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று இருவரும் ஆறு வருடமாக அலைந்தார்கள். அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. காட்டுக்கு நடுவில் அமைதியான மர வீடு, உடனே குடியேறலாம். விலை பாதிக்கும் கீழே.

அங்கேயே ரூபாவுக்குச் சந்தேகம். புரோக்கர் பொன்னுத்துரையோ பகலில் வரவே முடியாது, சாயங்காலம்தான் வசதி என்றார். சந்தேகம் இரண்டாயிற்று.

பாதை ஓரிடத்தில் நின்றுவிட்டது. இறங்கினார்கள். நனைந்த இலை வாசனை. சில்வண்டுச் சத்தம். எதிரே அந்த வீடு.

ஆங்கில 'A' எழுத்தை நிமிர்த்தி நட்டு வைத்த மாதிரி இருந்தது. பக்கச் சுவரே கிடையாது. இரண்டு பக்கமும் கூரைதான் சரிந்து தரை வரைக்கும் வந்திருந்தது. முன்னால் ஒரு கதவு, அதற்கு மேல் முக்கோணக் கண்ணாடி, கதவில் பெரிய பூட்டு.

பொன்னுத்துரை படியேறிப் போய்ப் பூட்டைக் கையில் பிடித்தார். திறக்கவில்லை. அந்தப் பூட்டாலேயே கதவைத் தட்டினார்.

டக்... டக்... டக்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் சாவியைப் போட்டார்.

"பூட்டியிருக்குற வீட்டை எதுக்குண்ணே தட்டுறீங்க?" என்று ரூபா கேட்டாள்.

"பூரான் கிடக்கும்மா. சத்தம் குடுத்தா ஒதுங்கிடும். டென்ஷன் மத் லோ, பயப்படாத."

கதவைத் திறந்துவிட்டு அவர் வெளியே படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கால் வலி என்றார். அந்தக் காலால்தான் இப்போது ஐந்து படி ஏறினார் என்பதை ரூபா கவனித்தாள்.

உள்ளே படாக் மரத் தரை. விரல் கனத்துக்குத் தூசி. சிவபிரகாஷ் போன் வெளிச்சத்தில் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். ரூபா கீழே பார்த்தாள். இடது ஓரத்தில், கூரை சரிந்து தரையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில்... ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு மட்டும் தூசியே இல்லை. பலகை தேய்ந்து பளபளவென்று இருந்தது.

அதற்கு நேர் மேலே, சரிந்த பலகையில், வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்தால் எங்கே படுமோ, சரியாக அங்கே.

தொட்டுப் பார்த்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. மோந்து பார்த்தாள். மணம் கொஞ்சமும் கெடாத தேங்காயெண்ணெய்.

"அண்ணே, இங்க யாரு இருக்கா?"

"காவலுக்கு ஒரு சௌகிதார் இருந்தாரு மா. உனக்குத் தெரியாததா? ஓனரு மெயின்லேண்ட் போயிட்டா இங்க ஒரு ஆள உட்கார வைக்கணும். ஆள் இல்லன்னா நாளைக்கே வேற எவனாச்சும் உள்ள பூந்து கப்ஜா பண்ணிருவான்."

"இப்ப அவரு எங்க?"

"கிளம்பிருவாரு" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "கிளம்பிட்டாரு மா."

ரூபா சிவபிரகாஷின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க போலாம். எனக்கு இது சரியாப் படல."

பொன்னுத்துரை படியில் நின்றபடியே குரலை உயர்த்தினார். "பிடிக்கலன்னா விட்டுருங்க தம்பி. நாளைக்குக் காலைல வேற பார்ட்டி வருது. இப்பவே டோக்கன் பணம் கையில வெச்சிருக்காங்க."

அது போதும் சிவபிரகாஷுக்கு. இன்னொருவன் வருகிறான் என்றால் அவன் கை தானாகத் தோளுக்குப் போய்விடும். ஆறு வருட வாடகை வீட்டு ஏக்கம் வேறு. சிரித்துக்கொண்டே துண்டை உருவி, ஒரு உதறு உதறி, அந்தப் பளபளப்பான இடத்திலேயே விரித்துப் போட்டான்.

"இடம் புடிச்சாச்சுண்ணே! இனி எவன் வந்தாலும் ஆள் இருக்குன்னு சொல்லிருங்க."

கிரீச்...

பலகை சத்தம். உட்கார்ந்திருந்த ஒருவர் கையை ஊன்றி எழுந்தால் வருமே, அந்தச் சத்தம். பிறகு தரையில் ஒவ்வொரு பலகையாக முனகியது. சத்தம் கதவுப் பக்கமாக நகர்ந்தது. எண்ணெய் வாசனை ரூபாவின் தோளை ஒட்டிக் கடந்து போனது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பொன்னுத்துரை கதவை அகலத் திறந்து பிடித்தபடி ஒதுங்கி நின்றார். ஒருவர் வெளியே போக வழி விடுகிறவர் மாதிரி. அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

அவர் முன்பணம் கேட்கவில்லை. சாவியைச் சிவபிரகாஷ் கையில் திணித்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின் சீட்டில் ஆள் இருந்தால் எப்படி மெதுவாக ஓட்டுவார்களோ, அப்படிப் பள்ளம் பார்த்து ஓட்டிப் போனார்.

துண்டை எடுத்து வரச் சொன்னாள் ரூபா. கிடக்கட்டும், நம் இடம்தானே என்றான் அவன். அன்றைக்கு அவன் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

சாத்தமிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்குப் படகில் வரும்போது வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் சுவரோரமாகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். நேர்ச் சுவர்... சாய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தத் தலை சாய்ந்தபடியே நின்றது.

"அங்க ஆள் இல்லன்னா யாராச்சும் வந்துருவாங்க ரூபா" என்றான். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

காலையில் அவன் தலையைத் தொட்டாள். வறண்டு, தேங்காய் நார் மாதிரி கிடந்தது. ஒரு கை எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். மத்தியானத்துக்குள் மறுபடி நார்.

பக்கத்து வீட்டு ஷீலாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். நல்ல வெயில் நேரம். காட்டுப் பாதையில் பறவைச் சத்தம்கூட இருந்தது. கதவைத் திறந்தாள். துண்டு போட்டது போட்டபடி கிடந்தது. நடுவில் மட்டும் அழுந்தியிருந்தது.

நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். விறைத்து நின்றதே தவிர நகரவில்லை. மேலே ஆள் உட்கார்ந்திருக்கும் துண்டை உருவிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி... பச்சைக் கரையில் ஒரு நூல் விட்டது. காதுக்குப் பக்கத்தில் மெல்ல ஒரு குரல்.

"கிழிஞ்சிரும் ரூபா... விடு."

அவள் புருஷன் குரல்.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அவள் ஓடவில்லை. ஷீலாவுக்குப் போன் போட்டாள். "உங்க வீட்டுக்காரர் இங்கதான் உட்கார்ந்திருக்காரு. ஏன் கேக்குறீங்க?" என்றாள் ஷீலா. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

ரூபா தன் துப்பட்டாவைக் கழற்றித் துண்டின் மேல் விரித்தாள். "நான் உட்கார்றேன். நீங்க எழுந்திரிங்க. வீட்டுக்குப் போங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"எடு அத."

"முடியாது."

"எடுன்னா..." அத்தனை வருடத்தில் அவன் அவளிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். துப்பட்டா தானாகச் சுருண்டு அவள் மடியில் வந்து விழுந்தது.

மூன்று நாள் தேடினாள். நான்காம் நாள் பொன்னுத்துரை அகப்பட்டார். எங்கே என்கிறீர்கள்? இதே ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில்தான், பெட்டி படுக்கையோடு வரிசையில் நின்றார். ரூபா போன வேகத்தில் அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் தடுக்கவில்லை, கத்தவும் இல்லை. பக்கத்தில் பெஞ்சைக் காட்டினார்.

அங்கே முப்பது வயதில் ஒருவன் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். பசி தாளாதவன் மாதிரி அள்ளி அள்ளித் தின்றான். உலகத்தையே புதிதாகப் பார்க்கிறவன் போலத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தான். தலையில் எண்ணெய் மினுமினுவென்று இருந்தது.

"என் தம்பி மா" என்றார் பொன்னுத்துரை. "வீட்டப் பார்க்கப் போனவன், விளையாட்டா கைக்குட்டையப் போட்டு வெச்சுட்டு வந்தான். பதினாலு மாசம் மூலையில உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னாடி யாருன்னு என்னைக் கேக்காத. என்னைத் திட்டு, அடி. ஆனா ஒண்ணு சொல்றேன்... அடுத்து வர்றவன் அவனா மனசு வந்து துணியப் போடணும். நாம போடச் சொன்னா இடம் மாறாது."

அவள் கை சட்டையிலிருந்து நழுவியது. கப்பல் போய்விட்டது.

இது நடந்து இப்போது ஏழு மாதம். சிவபிரகாஷ் வேலைக்குப் போவதில்லை. ஊட்டினால் தின்பான். தினமும் காலையில் அவன் தலையில் எண்ணெய் வைக்கிறாள், மத்தியானத்துக்குள் அது காய்ந்துவிடுகிறது. எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே ஒரு நாள்கூட விடாமல் வைக்கிறாள்.

அவளைத் திட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தால் அப்புறம் பேசுங்கள்.

போன வாரம் அந்த விளம்பரம் மறுபடி வந்தது. காட்டுக்கு நடுவில் அமைதியான மர வீடு. கீழே ரூபாவின் நம்பர்.

வெங்கடேஷ், ஸ்வேதா என்று ஒரு புது ஜோடி பார்க்க வந்தது. மாலை ஐந்தேகால், மழைத் தூறல். ரூபா படியேறிப் போய்ப் பூட்டைக் கையில் பிடித்து, அதாலேயே கதவைத் தட்டினாள்.

டக்... டக்... டக்.

"பூட்டியிருக்குற வீட்டை எதுக்குக்கா தட்டுறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்கும் எதையும் லேசில் நம்பாத கண்.

"பூரான் கிடக்கும்மா" என்றாள் ரூபா.

இருவரும் உள்ளே போனார்கள். ஸ்வேதா தூசியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், இடது ஓரத்துச் சரிந்த பலகையைப் பார்த்தாள்.

"என்னக்கா, இங்க ரெண்டு கறை இருக்கு? கீழ ஒண்ணு காஞ்சு போயிருக்கு. அரைச் சாண் மேல இன்னொண்ணு... ஈரமா இருக்கு."

சிவபிரகாஷ்தான் உயரமானவன் ஆயிற்றே.

"முன்னாடி சௌகிதார் இருந்தாரு மா." ரூபா பையைத் திறந்து மடிப்புக் கலையாத ஒரு புதுத் துண்டை எடுத்தாள். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே வெங்கடேஷிடம் நீட்டினாள். "தலையெல்லாம் நனைஞ்சிருக்கே தம்பி. துவட்டிக்குங்க. நீங்களே வெச்சுக்குங்க."

அவன் நன்றி சொல்லி வாங்கித் துவட்டிக்கொண்டான். வீடு அவனுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கையில் ஈரத் துண்டு. மாட்டலாம் என்றால் அந்த வீட்டில் நேராக நிற்கும் ஒரு சுவர் கிடையாது, ஒரு ஆணி கிடையாது. தரையெல்லாம் தூசி... ஒரே ஒரு இடத்தைத் தவிர.

அவன் அந்த இடத்தைப் பார்த்தான்.

ரூபா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் போக வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.