ஒன்றாம் எண் படம்

– கண்ணாடிய எடுத்துக் குடு கண்ணு. பட்டன் தைக்கிறது கைப்பழக்கம், காகிதத்தப் பார்க்கணும்னா அது வேணும்.

– இந்தாங்க சித்தி. இது ஞாபகம் இருக்கா?

– வட்டம் போட்ட தாளா. உங்க சர்வே ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு கொண்டு வந்தாளே. ஏழு படம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வட்டம். ஒண்ணு நானாம், இன்னொண்ணு என் குடும்பமாம். எந்தப் படம் உங்களுக்குப் பொருந்துதோ அதுல டிக் போடுங்கன்னா. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கவே ரெண்டு தடவை வரச் சொல்றாங்க, மனசுக்கு ஒரே டிக்கான்னு கேட்டேன். சிரிச்சுட்டா.

– நீங்க எதுல போட்டீங்க?

– இதோ, முதல் படம். ஒரு வட்டத்து மேல இன்னொண்ணு மூடி வச்சாப்ல. இதுக்கு யோசனை வேற வேணுமா?

– அதான் சித்தி. எங்க கணக்குல ஒண்ணுன்னா ரெண்டு வட்டமும் தொடாம தள்ளி நிக்கிறது. ஏழுதான் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினது. முதல் கட்டுத் தாளை வரிசை மாத்தி அச்சடிச்சுட்டாங்க. என்கிட்ட தாள் வராது, எண்ணும் அவ குறிச்சுக்கிட்ட ரெண்டு வரியும்தான் வரும். அதை கம்ப்யூட்டர்ல ஏத்துறது என் வேலை.

– பேரே இருக்காதுன்னாளே அவ.

– பேர் இல்ல. "ரெண்டாந்தாரமா வந்தேன், அப்ப வீட்ல ஆறு வயசுப் பொண்ணு"ன்னு சொல்லியிருந்தீங்க. எனக்குத் தெரியாதா? பக்கத்துல ஒண்ணுன்னு இருந்துச்சு. அப்ப அப்பா போயி ஆறு மாசம்கூட ஆகல. அவர் இல்லைன்னதும் நம்மளக் கழட்டி விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்.

– என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

– கேக்கக் கூடாது. யார் என்ன சொன்னாங்கன்னு வெளிய பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.

– அதான் போன் நின்னு போச்சா. மாசமா இருக்கிறவ, அசதியா இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

– விடுங்க சித்தி அதை.

– விட்டுட்டுத்தான் இருந்தேன். நீ தாளைக் கொண்டு வந்துட்டியே. உனக்குக் குழந்தை பொறந்த மூணாம் நாள், ரெண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பையில ஆறு சின்னச் சட்டை. வாசல்ல காவல்காரர் லிஸ்டைப் பார்த்து, நீங்க யாருன்னார். அம்மான்னேன். அப்படி யாரையும் எழுதலையேன்னார். சித்தின்னு பாருங்கன்னேன். பாவம், மேலேருந்து கீழ வரைக்கும் விரல வச்சுத் தேடினார். அப்புறம் உள்ள போய்க் கேட்டுட்டு வந்தார்.

– சித்தி...

– வந்தவர் உடனே சொல்லல. ஸ்டூல் போட்டு உக்காரச் சொன்னார், தண்ணி குடுத்தார். அப்புறம்தான், "வெளியாளுங்க யாரும் வேணாம்னு சொல்றாங்கம்மா"ன்னார்.

– நான்தான் சொன்னேன். உங்களுக்கு வலிக்கணும்னே சொன்னேன்.

– தெரியும். அழாத. உன் குரலு, உன் கோவம் எனக்குத் தெரியாதா. சட்டையெல்லாம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் குடுத்துட்டேன். அதுக்கும் இப்ப சின்னதாயிடுச்சு.

– நேத்து ஆபீஸ்ல பழைய அலமாரிய ஒழிக்கிறப்போதான் தாளையே பார்த்தேன். எல்லார்கிட்டயும் மறுபடி கேட்டு வாங்கச் சொல்லிட்டாங்க. உங்களோடத நானே வாங்கிட்டு வரேன்னு ஓடி வந்தேன். இது புதுத் தாள், வரிசை சரியா இருக்கு.

– குடு. பேனா?

– இந்தாங்க. ஏழுல போடணும் சித்தி. கடைசிப் படம்தான் ஒட்டினது.

– கண்ணாடி போட்டிருக்கேன் கண்ணு, எல்லாம் தெரியுது.

– சித்தி, ஒண்ணுல போட்டுட்டீங்களே. அது தள்ளி நிக்கிறது.

– ஆமா. அன்னிக்குப் போட்டதும் நிஜம், இன்னிக்குப் போட்டதும் நிஜம்தான் கண்ணு. இதை மாத்தாம ஏத்திக்கோ.