கிளிப்பச்சையில் ரோஸ் பட்டை

வருஷக்கணக்காக ரயிலில் போகிறவன் நான். இன்றும் வந்த சரக்கு ரயிலை என் ரயில் என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறத் தயாராக நின்றேன். ராயக்கோட்டை பிளாட்பாரமே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: ஓசூர் ஃபேக்டரி யூனிஃபார்மில், கேமராவோடு காத்திருந்த ரயில் பைத்தியங்கள்.

ரயில்வே தன் சரக்கு இன்ஜின்களுக்குப் புது வர்ணம் பூசுகிறதாம். அதில் முதல் இன்ஜின் இது. கிளிப்பச்சை உடம்பில் ரோஸ் பட்டை.

"என்ன குரு இது! ரிசப்ஷன் மேடை கிளம்பி வர்ற மாதிரி இருக்குது!" என்றார் ஒல்லியானவர்.

மீசைக்காரர் கேமராவைத் தூக்கவே இல்லை. "டேய், என் இன்ஜின் மாடலுக்குச் செங்காவி அடிச்சிட்டேன்டா. ஞாயித்துக்கிழமை பெங்களூர் கண்காட்சியில வெக்கணும். எட்டு மாச வேலை."

"செங்காவின்னு யாருடா சொன்னா?"

"ஷெட்டுல எடுத்த போட்டோ குரூப்புல வந்துச்சே. அதுல அப்படித்தான இருந்துச்சு?"

"அடப்பாவி, அது கலருக்கு முன்னாடி அடிக்கிற ப்ரைமர்டா! ஃபேக்டரி பெயிண்ட் ஷாப்புல இத்தன வருஷமா என்னதான் பண்ற நீ?"

மீசைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பளபளப்பு இல்லாததால மேட் ஃபினிஷ்னு நெனச்சிட்டேன்டா."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப உங்க மாடலுக்கு ப்ரைமர் முடிஞ்சிருச்சு. மேல இந்தக் கலரை அடிச்சா போதுமே சார்" என்றேன்.

மீசைக்காரர் கடைசி வேகன் தாண்டும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதையா? நான் அடிக்க மாட்டேன் சார்."