மூன்றாவது யூனிட்

தரமணியில் பறக்கும் ரயில் ஏறிய இரு நண்பர்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். டை கட்டியிருந்தவர் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ முடித்துவிட்டு வருகிறார்.

“டெமோ கிளாஸ் எப்டிடா போச்சு?”

“ஒரு மாசமா மொத யூனிட்டை ரெடி பண்ணேன் மச்சி. போனா, அதை போன வாரம் இன்டர்வியூக்கு வந்தவரே நடத்தி முடிச்சிட்டாராம். நீங்க மூணாவதுல ஆரம்பிங்கன்னாங்க.”

“ரெண்டாவது?”

“நேத்து இன்டர்வியூக்கு வந்த மேடம்.”

“அப்ப அந்த காலேஜ்ல வாத்தியாரே இல்லியா?”

“எதுக்கு? தெனம் ஒருத்தர் நல்லா ப்ரிப்பேர் பண்ணிக்கினு வராங்களே.”

“சரி, உனக்கு வேலை குடுத்தாங்களா?”

அவர் மடியிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“யோசிச்சு சொல்றாங்களாம். அதுக்குள்ள இந்த டெஸ்ட் பேப்பரை திருத்திக் குடுக்கச் சொன்னாங்க.”