ரோஸ் அட்டை கேட்காத லைன்

எனக்குச் சத்தம் ஆகாது மேடம். வீட்டில் மிக்ஸி ஓடினாலே மாடிக்குப் போய்விடுவேன். பசை ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை முதலில் நிறுத்தியது அதனால்தான். வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு ரெக்சின் ஒட்டும் கம்பெனி. நான் சூப்பர்வைசர். பசை ரூம் லைனில் பத்துப் பெண்கள். ஷிஃப்டுக்கு இரண்டு முறை பாத்ரூம் போகலாம். மாதவிலக்கு என்றால் என்னிடம் ரோஸ் அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் இரண்டு முறை. அந்த யோசனை என்னுடையது. மேனேஜர் கைகொடுத்தார்.

ஃபேன் நின்ற ஆறாவது மாதம் அட்டைகள் மேசையிலேயே தூங்கின. ஒருத்திக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது, இன்னொருத்திக்கு நாலு. யாரும் எழுந்து போகவில்லை. உற்பத்தியில் எங்கள் லைன்தான் முதலிடம். கோப்பைகூடக் கொடுத்தார்கள்.

காரணம் தேடி, பசை டின்னில் இருந்த தாளைப் படித்தேன். ஹார்மோனைக் கெடுக்கலாம், கருத்தரிப்பதைப் பாதிக்கலாம், காற்றோட்டம் கட்டாயம் என்று போட்டிருந்தது. கிழித்துவிட்டேன். பெண்கள் வீணாகப் பயப்படுவார்கள்.

படப்பை ஜோதிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தையில்லை. நாள் தள்ளியதும் லைனுக்கே மைசூர்பாகு கொண்டுவந்தாள்.

"அண்ணா, நீங்கதான் மொதல்ல எடுக்கணும்."

"பையனா, பொண்ணா?"

"இன்னாண்ணா, அதுக்குள்ள!"

பக்கத்தில் இருந்த கோவிந்தம்மா, "இவ வூட்டுக்காரன் இப்பவே ஸ்கூல் சீட்டு விசாரிச்சிகினு கீறான்ணா" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான் இரண்டு துண்டு தின்றேன். நெய் மணமாக இருந்தது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. கருமுட்டையே சரியாக வளரவில்லையாம்.

"எதுனா கெமிக்கல்ல வேல செய்றியான்னு டாக்டரம்மா கேக்கறாங்கண்ணா. அந்த ஃபேன மட்டும் போடச் சொல்லுங்கண்ணா."

"மேல பேசறேம்மா" என்றேன். சுவிட்ச் என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது.

ஜோதி உங்கள் ஆபீஸில் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. தாளைப் படித்த பிறகும் ஒரு வருஷம் ஃபேனைப் போடவில்லை. தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் எழுதுங்கள். தாளைக் கிழித்த சமயம், என் மனைவி லீலா அந்த லைனில் வேலை கேட்டு ஒரு மாதம் நச்சரித்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிது. முடியவே முடியாது என்றுவிட்டேன். சொந்தக்காரர்களைக் கம்பெனிக்குள் நுழைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நேர்மை விஷயத்தில் நான் கறார், மேடம்.