அவனுடைய வலப்பக்கம்

கோல் காப்பாளரின் புதிய கையுறையைப் பையிலிருந்து எடுத்து அப்படியே போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயவிட வேண்டும். அப்போதுதான் உள்ளங்கை ரப்பரில் பிடிப்பு வரும். விளையாடும்போதும் அதில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். பலர் எச்சில் துப்பித் தேய்ப்பார்கள். நான் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பேன்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இந்தப் படத்துக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் வாங்கில், மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில், இருக்கிறேன். தோளில் குளிர்ச்சட்டை, கைகளில் கையுறை. கையுறை நனைந்திருக்கிறது. அந்தக் கணத்தில் எங்கள் முதல் கோல் காப்பாளன் ஹெனிங்குக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. விளையாடாத ஒருவன் ஏன் கையுறையை நனைத்துப் போட்டிருந்தான் என்று கேட்டீர்கள். குளிர் என்றேன். குளிருக்கு யாரும் கையுறையை நனைப்பதில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. பேசாமல் இருந்தீர்கள். பேசாமல் இருக்கத் தெரிந்தவர்களை எனக்குப் பிடிக்கும், வைதேகி அக்கா. என் தொழிலே அதுதான்.

நீங்கள் ஹெனிங்கின் மனைவி யூலியாவின் வழக்கறிஞர். அவர் எங்கள் கால்பந்துக் கழகத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். ஹெனிங் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் எல்லோர் கண்முன்னும் ஒரு பந்தையும் விடாமல் பிடித்தான், அவனுக்குக் குறை இருந்தது யாருக்குத் தெரியும் என்று கழகம் சொல்கிறது. இடது பக்கம் சரியாகத் தெரியாத மனிதன் எப்படி எல்லாவற்றையும் பிடித்தான் என்பது உங்கள் கேள்வி. பந்தை அடித்தவன் நான். ஆகவே பதிலும் என்னிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது கோல் காப்பாளரின் வேலை விளையாடுவது அல்ல. முதலாமவனை விளையாட்டுக்குத் தயார்ப்படுத்துவது. அரங்கம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது அவன் கோலுக்குள் நிற்பான், நான் அடிப்பேன். முதலில் கைக்கு நேரே, பிறகு இரண்டு பக்கமும் தாழ்வாக, பிறகு தலைக்கு மேலே. கடைசிப் பந்து பிடிபட்ட பந்தாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். பந்தைத் தவறவிட்ட கையோடு எவனும் ஆட்டத்துக்குப் போக விரும்புவதில்லை. அதனால் கடைசிப் பந்தை எப்போதும் அவன் நெஞ்சுக்கு அடிப்பேன். அதை அணைத்தபடி வந்து என் கைமுட்டியில் தன் கைமுட்டியைத் தட்டி, "நன்றி, சேயோ" என்பான். என் பெயர் சேயோன். கடைசி எழுத்தை அவன் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் திருத்தவில்லை. ஏழு வருடம்.

ஹெனிங் நல்லவன், இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அம்மாவின் சத்திரசிகிச்சையன்று என்னை எசன் நகரம் வரை தன் காரில் கொண்டுபோய், ஆஸ்பத்திரி வாசலில் இருட்டும்வரை நின்றவன். அம்மா கொடுத்துவிடும் மீன் ரோல்ஸை உடைமாற்றும் அறையில் யாருக்கும் கொடுக்காமல் தின்பவன். அவன்மேல் எனக்கு வெறுப்பு இருந்ததில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் இதற்குள் வருகிறது. எசனில் ஒரு கலியாண மண்டபத்தில் நித்தியானந்தன் மாமா எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

"டேய் சேயோன், உனக்கு அங்க என்ன வேலை? வாங்கு சூடாக்கிறதோ?"

அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "அவங்கட கீப்பருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இவன்தான் கோலுக்குள்ள நிப்பான்."

"அப்ப காய்ச்சல் வரச் சொல்லி அம்மனுக்கு ஒரு நேத்தி வையுங்கோவன் அண்ணை."

மேசை முழுதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு அவர் நேர்த்திக்கடன் வைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

குளிர்கால விடுமுறைக்குப் பின் வந்த முதல் ஆட்டத்தில் ஒருவனின் முழங்கால் ஹெனிங்கின் தலையில் பட்டது. எழும்பினான். வைத்தியர் ஓடிவந்து, எந்த ஊர், கோல் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். சரியாகச் சொன்னான். ஆட்டத்தை முடித்தான். அடுத்த பயிற்சியில் அவனுடைய இடப்பக்கம் தாழ்வாக ஒரு பந்து அடித்தேன். பந்து வலைக்குள் போன பிறகுதான் அவன் பாய்ந்து விழுந்தான். இன்னொன்று அடித்தேன். அதுவும் அப்படித்தான். பயிற்சியாளர் மைதானத்தின் மறுகரையில் இளம் வீரர்களோடு நின்றார். பார்த்தவன் நான் மட்டும்.

உடைமாற்றும் அறையில் மற்றவர்கள் போகும்வரை இருந்தான். அவன் ஜேர்மன் மொழியில் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"இடப்பக்கத்தால வாறது பிந்தித் தெரியுது, சேயோ. புகை மாதிரி. எழும்பினா ஒரே தலையிடி."

"டொக்டரிட்டச் சொன்னியோ?"

"சொன்னா விளையாட விடாம இருத்திப்போடுவாங்கள். உடன புதுசா ஒருத்தனை வாங்குவாங்கள். கோடையோட என்ரை ஒப்பந்தம் முடியுது. முப்பத்திமூண்டு வயசுக் கீப்பரைப் பிறகு ஆர் எடுக்கிறது?"

அவன் சொன்னது சரி. கழகங்கள் வீரர்களை வாங்கும் காலம் பெப்ரவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் விஷயம் வெளியே வந்தால் புதியவன் வருவான். புதியவன் முதலாவது, ஹெனிங் இரண்டாவது, நான் மூன்றாவது. மூன்றாவது ஆளுக்கு வாங்கில்கூட இடமில்லை.

"நீதான் எனக்குச் சோதினை" என்றான். "ஆட்டத்துக்கு முன்னம் நீ அடிக்கேக்க ஒரு பந்தை விட்டாலும் நானே போய்ச் சொல்லுவன். நீ வழமை போல அடி."

சரி என்றேன்.

வழமை போல அடிக்கவில்லை. அவனுடைய வலப்பக்கம் அடித்தேன், நெஞ்சுக்கு அடித்தேன், தலைக்கு மேலே அடித்தேன். இடப்பக்கம் போனவை காலடியில் உருண்ட பந்துகள்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பந்துகள் பறப்பதும் ஒரு மனிதன் பாய்ந்து பிடிப்பதும்தான் தெரியும். அவனுக்குத் தெரிந்ததா என்று கேட்பீர்கள். தேறிவிட்டோம் என்று நம்ப விரும்புகிறவன் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இதுவரை நான் செய்ததை நட்பு என்றும் சொல்லலாம். யூலியாகூட என்னை அவனுடைய நல்ல நண்பன் என்றுதான் சொன்னார்.

வாங்கும் காலம் முடிந்தது. கழகம் யாரையும் வாங்கவில்லை.

இனி நான் வைத்தியரிடம் போயிருக்கலாம். அன்றிரவு அதைப் பற்றி அமைதியாக யோசித்தேன். போனால் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஓய்வு என்று எழுதிக் கொடுப்பார்கள். மூன்று கிழமை நான் கோலில் நிற்பேன். பிறகு ஹெனிங் திரும்பி வருவான், என் கைமுட்டியைத் தட்டுவான், நான் வாங்குக்குப் போவேன். அடுத்த கலியாணத்தில் மாமா, மூன்று கிழமைக் கீப்பர் என்பார். காயத்தால் இடத்தை விட்டவனுக்கு இடம் திரும்பக் கிடைக்கும். பிழை விட்டு இழந்தவனுக்குக் கிடைக்காது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும். இடப்பக்கத்தால் மூன்று நான்கு கோல் போகட்டும், சனம் கேலியாக விசிலடிக்கட்டும், பயிற்சியாளர் நம்பிக்கை இழக்கட்டும் என்று இருந்தேன். நான் எதிர்பார்த்தது கோல்களை. வேறொன்றையும் அல்ல.

இவ்வளவு நாளும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். என் தங்கை தேனுஜா ஹனோவரில் தாதி, மூளை நரம்பு நோயாளிகளின் பிரிவில் வேலை. வாங்கும் காலம் முடிந்த மறுநாள் அவளுக்குப் போன் எடுத்தேன். ஒரு கூட்டாளிக்குத் தலையில் அடிபட்டு இப்படி என்றேன்.

"உடன கொண்டுபோய்க் காட்டச் சொல்லு அண்ணா. உள்ளுக்க மெல்ல மெல்ல இரத்தம் கசியும், வெளியில ஒண்டும் தெரியாது. திருப்பியும் தலையில ஒரு அடி விழுந்தா ஆள் எழும்பாது. விளங்குதோ?"

"ஓம்."

"ஆர் அது? உங்கட கீப்பரோ?"

"இல்லை. ஜிம்முக்கு வாற ஒருத்தன்."

"பகிடி விடாமல் இண்டைக்கே சொல்லு."

சொல்லுறன் என்றேன். விளங்கியது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் கோலுக்குள் போன ஹெனிங் திரும்பி என்னிடம் நடந்து வந்தான்.

"இண்டைக்கு இடப்பக்கம் அடி. சும்மா இல்லை, உண்மையா அடி."

"ஏன்?"

"இண்டைக்குக் காலமை பிள்ளையைக் கதவால இடிச்சுப்போட்டன். என்ரை இடப்பக்கத்திலதான் நிண்டவள். நான் காணேல்லை." கையுறையின் பட்டியை இறுக்கினான். "விட்டனெண்டா இப்பவே போய்ச் சொல்லுறன். நீ நில்."

அப்படி உண்மையாக அடித்திருந்தால் அன்றே நான் நின்றிருப்பேன். அப்பாவும் அரங்கத்தில் இருந்தார். அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் அது அவன் தந்த இடமாக இருந்திருக்கும். அவன் திரும்பி வந்து கேட்கும்போது கொடுக்க வேண்டிய இடம்.

இடப்பக்கம் அடித்தேன். வேகமாகவே அடித்தேன். ஆனால் அந்தப் பக்கம் அடிக்குமுன் என் தோள் எப்படித் திரும்பும் என்பதை ஏழு வருடம் பார்த்தவன் அவன். தோளை ஒரு கணம் முந்தித் திருப்பினேன். அவன் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பாய்ந்தான். பிடித்தான். மறுபடி அடித்தேன், மறுபடி பிடித்தான். அவன் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை வேறெந்த மனிதனின் முகத்திலும் நான் கண்டதில்லை. கடைசிப் பந்தை நெஞ்சுக்கு அடித்தேன். அணைத்தபடி வந்தான். நன்றி, சேயோ.

இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு கோர்னர் உதை கிடைத்தது. அவனுடைய வலப்பக்க மூலையிலிருந்து. அந்தப் பக்கம் வரும் பந்து அவனுக்கு நன்றாகத் தெரியும். இடப்பக்கத்தில் எதிரணியின் உயரமான தடுப்பாட்டக்காரன் ஓடிவரத் தயாராக நின்றான். ஹெனிங் அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அங்கே ஒருவன் நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை என்பது வாங்கிலிருந்த எனக்குத் தெரிந்தது. அந்தக் கோல் எங்கள் வாங்கின் பக்கம்தான். கத்தினால் என் குரல் அவனுக்குக் கேட்டிருக்கும். பயிற்சியில் அவனுக்காகக் கத்துகிறவன் எப்போதும் நான்தான்.

நான் பையைத் திறந்து கையுறையை எடுத்துப் போட்டேன். போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றி உள்ளங்கைகளைத் தேய்த்தேன். உங்கள் படம் அதுதான். கோர்னர் இன்னும் அடிக்கப்படவில்லை.

பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஹெனிங் பந்துக்கு எழும்பினான், அந்த உயரமானவன் இடப்பக்கத்தால் வந்து அவன் தலையில் மோதினான். மருத்துவர்கள் அவனை மறைத்து வெள்ளைத் துணியைச் சுற்றிப் பிடித்தார்கள். பயிற்சியாளர் என் பக்கம் திரும்பியபோது நான் ஏற்கெனவே எழுந்து நின்றேன். மீதி ஆட்டத்தில் எனக்குக் கோல் விழவில்லை. ஆட்டம் முடிந்ததும் அப்பா போனில் அழைத்து, "அம்மன் கண் திறந்திட்டா" என்றார். பிறகு சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கிப் போனை வைத்துவிட்டார்.

கோடை வரை நான் நின்றேன். கோடையில் வாங்கும் காலம் மறுபடி வந்தது, கழகம் இருபது வயதுப் பெடியன் ஒருவனை வாங்கியது. இப்போது ஆட்டத்துக்கு முன் அவனுக்கு அடிக்கிறேன். அவனும் என்னைச் சேயோ என்றுதான் கூப்பிடுகிறான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் எதை என் குற்றமென்று எழுதுவீர்கள்? பந்தை இந்தப் பக்கம் அடித்தான், அந்தப் பக்கம் அடிக்கவில்லை என்றா? தோளை முந்தித் திருப்பினான் என்றா? எழுதுங்கள். கையெழுத்து வைக்கிறேன். அவனுக்குக் கெடுதல் செய்ய நினைத்தவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவனைப் பார்க்கப் போகிறேன். கழகத்திலிருந்து போகிறவன் நான் ஒருவன்தான். புனர்வாழ்வு நிலையத்தின் பின்புறத் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் இருப்பான். பேச்சு இல்லை. எனக்கும் அது பரவாயில்லை. பிறகு ஒரு மென்மையான பந்தை அவனிடம் உருட்டுவேன். அவனுடைய இடப்பக்கம் உருட்டுங்கள், கஷ்டப்பட்டாவது திரும்பட்டும், திரும்பத் திரும்பத்தான் அந்தப் பக்கம் அவனுக்கு மீளும் என்று அங்குள்ள பயிற்சியாளர் பெண் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். தலையை ஆட்டுவேன். அவர் உள்ளே போனதும் வலப்பக்கம் உருட்டுவேன். அவன் பிடித்துவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவனிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வருவதில்லை.